உள்ளங்கைச் சாவி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் திருட்டுப்போன சைக்கிளைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம் என்பார்கள். காணாமல்போன பிள்ளையைத் தேடி அங்கே வந்தவர்கள் அன்றைக்கு அந்த மூன்று பேர்தான்.

முன்னால் போனவள் அபிதகுஜாம்பாள். டெலிபோன் ஆபரேட்டர் வேலையை விட்டுவிட்டு இரும்புலியூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துபவள். எவ்வளவு கூட்டத்திலும் யாரையும் இடிக்காமல் நடந்து போவாள். பின்னால், எல்லோரையும் இடித்துக்கொண்டு, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் அவளுடைய உதவியாளன் சிட்டிபாபு. ஆட்டோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், ஆனால் அது அவன் பேச்சைக் கேட்பதில்லை.

நடுவில் மெட்டில்டா. அவளைத் திரும்பிப் பார்க்கவே சிட்டிபாபுவுக்குப் பயமாக இருந்தது. நேற்றைய புடவையே இன்றும். எதிரே வருகிறவன் பழைய டிரான்சிஸ்டர் விற்பவனோ கோழிக் கூண்டு தூக்குபவனோ, எவனாக இருந்தாலும் கையிலிருந்த போட்டோவை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எட்டு வயசு. பேரு பியூலா. நீலக் கவுன் போட்டிருந்தா. பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடம், மேற்குத் தாம்பரத்தில் வீடு. தினமும் சாயங்காலம் பியூலா தனியாக ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி வீட்டுக்குப் போவாள். அப்பா அசரியா மஸ்கட்டில். அம்மா மெட்டில்டா கிண்டியில் டைப்பிஸ்ட் வேலை முடித்து மின்சார ரயிலில் வந்து சேர இருட்டிவிடும். நேற்று அவள் வந்தபோது வீடு பூட்டியே கிடந்தது. பிள்ளை வரவில்லை.

கிடைத்தது ஒரே ஒரு துப்பு. ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் பூ விற்கும் ஜெயக்கொடி சொன்னது.

"அந்தாளு எங்கிட்ட ரெண்டு முழம் வாங்குனாம்மா. மீதி சில்லறைக்குக் கைய நீட்டுனான் பாரு, உள்ளங்கையில சாவி! நெஜ சாவி இல்ல, பச்ச குத்துனது. வளையம் மணிக்கட்டுல, பல்லு உள்ளங்கை நடுவுல. அப்பால படிக்கட்டுகிட்ட இன்னாவோ கூட்டம் கூடுச்சு, பிக்பாக்கெட்னு நெனச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சிப் பாக்குறேன், அதே ஆளு குடிகாரனாட்டம் தள்ளாடிகினு பஸ் பக்கம் போறான். கவுன் போட்ட பாப்பா, இந்தப் போட்டோல கீற பாப்பாதான், அவன் கையப் புடிச்சிகினு அழுதுகினே போவுது."

போலீஸ் நிலையத்தில் இதைக் கேட்டதும் முடிவு கட்டிவிட்டார்கள். சாவி பூட்டு உடைக்கிறவனின் அடையாளம். இப்போது பிள்ளை பிடிக்க ஆரம்பித்திருக்கிறான். செங்கல்பட்டு பக்கமும் வேளச்சேரி பக்கமும் தகவல் பறந்தது. தாம்பரத்தை விட்டுப் போகிற எல்லா வழியிலும் கண் வைத்தார்கள்.

அபிதாவோ, "உள்ளங்கையில் பச்சை குத்திவிடச் சம்மதிக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் யார்?" என்று மட்டும் கேட்டாள்.

"பேட்டரியில குத்துறவன் ஒருத்தன்தான் மேடம்," என்றான் சிட்டிபாபு. "பல்லாவரம் சந்தை. என் மச்சான் அவன்கிட்டதான் சிங்கம் குத்திகினான். பாக்குறவங்கல்லாம் பூனை வளக்கிறியான்னு கேக்குறாங்க."

*

பொன்னுசாமி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்கூட்டர் பேட்டரி, டேப்ரிக்கார்டர் மோட்டாரில் கட்டிய ஊசி, கண்ணாடி போட்ட ஒரு பெரிய படப் பலகை. தேள், நங்கூரம், கட்சிக் கொடி, இதயம். ஒரு மூலை முழுக்கச் சாவிகள்.

"சாவியா? வாங்கக்கா, வாங்க." ஆள் பிடித்த சந்தோஷத்தில் அவன் விரல் பலகை மேல் ஓடியது. "பூட்டும் சாவியும் ஜோடின்னா லவ்வு. பூட்டு அவளுக்கு, சாவி இவனுக்கு. சிலபேரு மாத்திப் போட்டுகிறான், அந்த வூட்டுல அவ ராஜ்ஜியம். இது சாவிக்கொத்து, பொம்பளைங்க சமாச்சாரம். குரோம்பேட்டையில ஒரு மருமவ, மாமியாக்காரி பீரோ சாவியக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறா. இந்தப் பொண்ணு கொத்தோட கையில குத்திகினு போயி எதிர நின்னுச்சு."

"மாமியா இன்னா பண்ணா?" என்றான் சிட்டிபாபு.

"பூட்ட மாத்திட்டா."

சிட்டிபாபு சிரித்தான். மெட்டில்டா பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"குறுக்கால ரெண்டு சாவி சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு, சொர்க்கத்துச் சாவி. ஒடஞ்ச சாவி கீதே, அது உள்ள போயி வந்தவனுங்க கேக்குறது…"

"உள்ளங்கைச் சாவி," என்றாள் மெட்டில்டா. போட்டோவைப் பலகை மேல் வைத்தாள். "வளையம் மணிக்கட்டுல. அது யாரு? என் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டான். சொல்லுங்க, அது யாரு?"

பொன்னுசாமியின் விரல் பலகையிலிருந்து இறங்கியது. போட்டோவைப் பார்த்தான். ஊசியை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தான்.

"என் வேலைதான்கா. ஆனா வெளிய சொல்லிகிறதில்ல."

"ஏன்? தப்பான ஆளா?" என்றாள் அபிதா.

"தப்பான படம். சாவின்னா வளையம் மேல, பல்லு கீழ, பாக்குறவனுக்கு நேரா நிக்கணும். அதான் அழகு. அந்தம்மா வந்து, நாடி துடிக்கிற எடத்துல வளையம், தண்டு உள்ள ஓடணும், பல்லு உள்ளங்கை நடுவுல வரணும்னு நிக்குது. உள்ளங்கையில பச்ச நிக்காதும்மா, தேஞ்சிடும்னேன். தேஞ்சா திரும்ப வரேன்னுச்சு. வந்துச்சு. ரெண்டு தபா."

"அந்தம்மாவா?"

"அவன் அம்மா. வளந்த புள்ள அவன். கைய நீட்டிகினு செவனேன்னு உக்காந்திருந்தான். எதுக்குன்னு கேட்டா ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

அபிதா சிட்டிபாபு பக்கம் திரும்பினாள். "அடையாளம் குத்திக்க அம்மாவைக் கூட்டிட்டு வர்ற திருடனைப் பார்த்திருக்கியா?"

"நல்ல குடும்பத்துத் திருடனா இருப்பான் மேடம்."

"உன் ஆட்டோ சாவியைக் குடு. கையை நீட்டு."

சாவியை வாங்கி, ஜெயக்கொடி சொன்ன மாதிரியே அவன் கையில் வைத்தாள். வளையம் மணிக்கட்டில், பல் உள்ளங்கையில். பொன்னுசாமி முகம் சுளித்தான். கண்ணுக்கு நிஜமாகவே அசிங்கமாகத்தான் இருந்தது.

"பார்க்கிறதுக்குப் போட்ட சாவி இல்லை இது. இப்போ கையை மூடு."

சிட்டிபாபு மூடினான். விரல்கள் ஐந்தும் சாவியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன.

"பூட்டைத் திறக்கிறவன் சாவியை விரல் நுனியில் பிடிப்பான். இப்படி முஷ்டிக்குள் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி யார் கையில் சாவியைத் திணிக்கிறோம்?"

சிட்டிபாபுவின் வாய் திறந்தது. அவனுடைய சித்தப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்து கை கால் வெட்டி இழுத்தபோது ஆளாளுக்கு ஓடி வந்து திணித்தார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தபோது அவர் ஜெயில் வார்டன் மாதிரி கை நிறையச் சாவியோடு உட்கார்ந்திருந்தார்.

"வலிப்பு!" என்றான். "மேடம், வலிப்புக்காரன்!"

"டாக்டர் ஒத்துக்க மாட்டார். ஆனா நம்ம தெருவில் யார் விழுந்தாலும் முதலில் தேடுறது அதைத்தான். பிள்ளை வெளியில் தனியா விழுந்தா யார் சாவி கொடுப்பான்னு ஒரு அம்மா பயந்திருக்கா. கையிலேயே குத்தி அனுப்பிட்டா." அபிதா பொன்னுசாமியிடம் குனிந்தாள். "அவங்க எங்கே இருப்பாங்க?"

"இதே சந்தையிலதான் கீர விக்குது. அங்காளம்மா. அந்தாண்ட வரிசை."

மெட்டில்டா அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

கீரை வரிசையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்ற கிளியம்மாள் அவர்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்காளம்மா வரல. அவ புள்ள ரவிக்கு நேத்து தாம்பரத்துல வந்துடுச்சாம். ராஜகீழ்ப்பாக்கம், ஏரிக்கிட்ட ஓட்டு வூடு. நீங்க யாரு, ஆஸ்பத்திரியா?"

பதில் சொல்ல யாரும் நிற்கவில்லை.

*

குரோம்பேட்டை தாண்டும்வரை சிட்டிபாபு மூன்று ஜோக் யோசித்து மூன்றையும் விழுங்கினான். பின்னால் மெட்டில்டா ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தாள். ஒரே வரிதான். 'ஏசப்பா, அவ உயிரோட இருக்கணும்.' தாம்பரம் வந்து, கிழக்கே திரும்பி, வேளச்சேரி ரோட்டில் ஏறியபோது அந்த வரியும் தேய்ந்து வெறும் மூச்சாகிவிட்டது. சிட்டிபாபுவுக்குத் தன்னையறியாமல் கால் பிரேக்கை விட்டு விலகியே இருந்தது.

அங்காளம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். "தாம்பரம் ஸ்டேஷன்ல நேத்து…" என்று அபிதா சொல்லி முடிக்கும் முன்பே மெட்டில்டா அங்காளம்மாளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பியூலா! பியூலா!"

ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். கொடியில் தொங்கிய புடவைகளை இழுத்துக் கீழே போட்டாள். பின்கதவைத் திறந்து வெளியே ஓடிப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

பிள்ளை இல்லை.

பாயில் ஓர் இளைஞன் எழுந்து உட்கார முயன்றான். தோல் பட்டறையில் வேலை செய்பவன் என்பது சட்டைக் கறையிலேயே தெரிந்தது. நெற்றியில் காயம், பல் பட்டு வீங்கிய உதடு. மெட்டில்டா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கடா என் பிள்ள? என்னடா பண்ணினே?"

"எந்தப் புள்ளக்கா?" என்றான் ரவி. அவன் கண்ணில் வெறும் குழப்பம்தான் இருந்தது. "பூ வாங்குனேன். படி ஏறுனேன். அப்பால அம்மா மொகந்தான் ஞாபகம் கீது."

"வுடும்மா அவன!" அங்காளம்மாள் குறுக்கே விழுந்தாள். "யாரோ புண்ணியவான் பஸ்ல ஏத்தி வுட்டிருக்கான், கண்டக்டரு இங்க எறக்கி வுட்டாரு. தனியாத்தான் வந்தான். வந்தவன் கையத் தொறக்க முடியல, அப்பிடி ஒரு புடி. தொறந்து பாத்தா உள்ள இது கீது. யாருதுன்னு தெரில."

சாமி படத்துக்குக் கீழேயிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். நீல ரிப்பன் கட்டிய ஒரு பித்தளைச் சாவி.

மெட்டில்டா சட்டையை விட்டாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுச் சாவி," என்றாள். "பியூலா கழுத்துல போட்டிருந்தது."

"அப்ப இவன்தான் மேடம்!" என்று சிட்டிபாபு முன்னால் பாய்ந்தான்.

அபிதா அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். "ஜெயக்கொடி என்ன சொன்னா? பாப்பா அவன் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டே போச்சுன்னா. அவன் பாப்பா கையைப் பிடிச்சதா அவ சொல்லவே இல்லை. நாமதான் அப்படிக் கேட்டுக்கிட்டோம். படிக்கட்டில் ரவி விழுந்திருக்கான். சாவி குடு, சாவி குடுன்னு கூட்டம் கத்தியிருக்கும். கிட்ட நின்ன பியூலா கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கா. அப்புறம் இவன் எழுந்து, நினைவு திரும்பாமலே, மூடின கையோட நடந்து போயிருக்கான். பிள்ளை விரலைப் பிரிக்கப் பார்த்து அழுதுட்டே பின்னால் ஓடியிருக்கு. பஸ் கிளம்பிடுச்சு."

ரவி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். அழிந்தும் அழியாமலும் பச்சை நிறத்தில் அந்தச் சாவி தெரிந்தது.

"சரி மேடம்," என்றான் சிட்டிபாபு மெதுவாக. "பஸ் போயிடுச்சு. புள்ள வூட்டுக்குத்தான வரணும்?"

"அதான் எனக்கும் புரியலை." அபிதா தரையில் மெட்டில்டாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "சாவி இல்லைன்னா நீங்க வர்ற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கலாமே. சாவியைப் பற்றி அவகிட்ட என்ன சொல்லி வச்சிருந்தீங்க?"

மெட்டில்டா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே ஏதோ சொன்னாள். பிறகு தலைப்பை எடுத்தாள்.

"போன மாசம் ஒண்ணத் தொலைச்சுட்டு வந்தா. வீட்டு ஓனர் பூட்டை உடைச்சுட்டு நாலு பேர் முன்னால என்னைப் பேசினாரு. அந்தக் கோவம். அடிச்சேன் மேடம். ஸ்கேலாலே அடிச்சேன். இனிமே சாவி இல்லாம வந்தே, இந்த வாசப்படிய மிதிக்காதே, எங்கயாவது போன்னு…" தலைப்பைக் கையில் முறுக்கினாள். "எங்கயாவது போன்னு சொன்னேன்."

ஏரிப் பக்கமிருந்து யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"யாரும் பிடிச்சுட்டுப் போகாத பிள்ளையை எங்கே தேடணும் சிட்டி?"

"எங்க உட்டோமோ அங்க மேடம். ஆனா ஸ்டேஷன நேத்தே சல்லடை போட்டாச்சே. மைக்குல கூடப் பேரச் சொன்னாங்க."

"தேடினது யாரு? அம்மாவும் போலீசும். அவ யார் கண்ணில் படக்கூடாதுன்னு நினைக்கிறாளோ அவங்களேதான். அவ ஒளிஞ்சுக்கிட்டே, ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருப்பா. போன பஸ் திரும்பி வரும்னு பிள்ளைகளுக்குத் தெரியும்." அபிதா எழுந்தாள். "ரவி, உன்னால் நிற்க முடியுமா?"

"வாணாம்," என்றாள் அங்காளம்மாள். "சோறு எறங்கல அவனுக்கு. வழியில திரும்ப வுழுந்துட்டான்னா?"

"என் வண்டி சாவிய அவன் கையில குடுத்துட்டு நான் தள்ளிகினே வரேம்மா," என்றான் சிட்டிபாபு. அவன் சிரிக்கவில்லை. அங்காளம்மாளும் சிரிக்கவில்லை, மகனுக்குச் சட்டை மாற்றிவிட்டாள்.

*

கிழக்குத் தாம்பரம் பஸ் நிற்கும் இடத்தில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, மெட்டில்டாவை உள்ளே உட்கார வைத்து, அபிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்ன தெரிஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது. உங்களைப் பார்த்தா ஓடிடுவா."

ரவி தனியாகப் போய் நின்றான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரித்தான். நீல ரிப்பனில் சாவி ஆடியது.

ஒரு பஸ் வந்தது. போயிற்று. இன்னொன்று வந்தது. பிச்சை என்று நினைத்து ஒரு பெரியவர் அவன் கையில் நாலணா வைக்கப் பார்த்தார். யாரோ குடிகாரன் என்றார்கள். ரவியின் கை கீழே இறங்கப் பார்த்தது; இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டான். நின்று பார்த்த சிட்டிபாபுவுக்கு, இவன் இப்போது விழுந்துவிடுவானோ என்ற பயமும், பிள்ளை இங்கே இல்லவே இல்லையோ என்ற பயமும் மாறி மாறி வந்தன. படுதாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஒரு மனுஷி தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும்போது வருகிற சத்தம்.

டிக்கெட் கவுண்டர் ஓரம் ஒரு பெரிய குடும்பம் ராத்திரி ரயிலுக்கு வந்து, தகரப் பெட்டிகளோடு படுத்துக் கிடந்தது. பெட்டிகளுக்கு நடுவே நீலமாக ஏதோ அசைந்தது.

அது எழுந்தது. கவுன் முழுக்க அழுக்கு. ஒரு காலில் செருப்பு இல்லை. நேராக வரவில்லை; தூணுக்குத் தூண் ஒளிந்து ஒளிந்து வந்தது. ரவியின் முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தது.

"அது என் சாவி."

"ஆமா பாப்பா," என்று ரவி குனிந்தான். "உன்னுதுதான்."

பியூலா சாவியை வாங்கவில்லை. அவன் உள்ளங்கையையே பார்த்தாள். அழுது வற்றிப்போன குரலில் கேட்டாள்:

"உங்கிட்டயே ஒரு சாவி இருக்குதே. அப்புறம் ஏன் என்னோடத எடுத்துட்டுப் போனே?"

ரவி விரல்களை மடக்கிப் பிரித்தான்.

"இது வேலை செய்யல பாப்பா."

அபிதா என்ன சொன்னாளோ, சொல்வதற்கு முன்பே மெட்டில்டா கையை உதறிக்கொண்டாளோ, படுதா கிழிகிற சத்தம் மட்டும் சிட்டிபாபுவுக்குக் கேட்டது. வருகிற பஸ்ஸின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து அவன் பாய்ந்தான். டிரைவர் அவன் பரம்பரையையே திட்டினார்.

அம்மாவைப் பார்த்ததும் பியூலா ரவியின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். பின்னால் நகர்ந்தாள். தூணில் முதுகு முட்டியதும், இரண்டு கையாலும் சாவியை முன்னால் நீட்டினாள்.

"தொலைக்கலம்மா. இதோ இருக்கு. நான் தொலைக்கல."

மெட்டில்டா சாவியைப் பார்க்கவில்லை. தார் சுடுகிற ரோட்டில் விழுந்து பிள்ளையின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அடி விழும் என்று பியூலா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைத் தூக்கியபோதும், ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டபோதும் அவள் அதைத் திறக்கவில்லை. மேற்குத் தாம்பரம் வந்து, வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.